கேட்டோரும் ஆடிய போட்டி

போட்டியிற் பரிசு பெற்றவரின் பெயர் சில திங்களில் மறந்துபோகும்; பரிசுப் பொருள் இன்னதென்பதும் மறந்துபோகும். ஆனால், அப்போட்டியைச் சுற்றமும் அயலும் கூடியிருந்து கேட்ட மாலைப்பொழுது மட்டும் நெடுங்காலம் நினைவில் நிற்கும். வானொலியும் தொலைக்காட்சியும் வழங்கிய பழைய போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி முதியோர் பேசுமிடத்து இவ்வுண்மை புலனாகும். யாழ்ப்பாண நகரின் கடலோரத்தில் அமைந்த குருநகரிலும், பன்னூறு காதம் அப்பாலுள்ள இங்கிலாந்தின் ஊர்களிலும் இப்பேச்சு ஒரே தன்மையதாக இருக்கின்றது. நினைக்கப்படும் நிகழ்ச்சிகள் வேறு. நினைக்கும் முறை ஒன்று. இதற்குக் காரணம் யாது என ஆராய்தல் பயனுடையதாகும்.

இங்கிலாந்துச் சான்றை முதலிற் கொள்ளலாம். அந்நாட்டின் மதுச்சாலைகளிலே டார்ட்ஸ் என்னும் சிற்றம்பெறி விளையாட்டு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. சுவரிலே வட்டப் பலகை ஒன்று தொங்கும். அதன் முகம் இருபது கூறுகளாக வகுக்கப்பட்டிருக்கும். 2.37 மீற்றர் தொலைவில் நின்று, சாணளவிலும் குறைந்த அம்பை அதன்மீது எறிதல் வேண்டும். 20 என்னும் எண் பலகையின் உச்சியில் இருக்கும். அதன் இருமருங்கிலும் 5, 1 என்னும் சிற்றெண்களே இருக்கும். பேரெண்ணை விரும்பி எறிபவனின் கை சற்றே பிசகினால் அவனுக்குக் கிடைப்பது ஒன்றோ ஐந்தோதான். பலகையின் நடுவிலுள்ள சிறு வட்டம் 50 புள்ளி பெறும். 'எருதின் கண்' எனப் பொருள்படும் 'புல்ஸ் ஐ' என்பது அதன் பெயர். அப்பெயரையே தலைப்பாகக் கொண்ட போட்டி நிகழ்ச்சி ஒன்று 1981 ஆம் ஆண்டு செப்டெம்பர் 28 ஆந் திகதி ஐ.ரி.வி. தொலைக்காட்சியில் தொடங்கி 1995 வரை நடைபெற்றது.

அதன் அமைப்பு எளிமையானது. மூன்று இணைகள் பங்குபற்றும். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் அம்பெறிவார். மற்றவர் பொது அறிவு வினாக்களுக்கு விடை கூறுவார். கைத்திறன் உடையவரும் கேள்வியறிவு உடையவரும் ஒருவரையொருவர் நம்பி நின்றாலன்றி வெற்றி இல்லை. இறுதியில், வென்ற இணையினரிடம் ஒரு வினா எழுப்பப்படும். பெற்ற பரிசுப் பொருள்களோடு வீடு செல்லலாம். அன்றி, அவற்றைப் பணயம் வைத்து, மறைத்து வைக்கப்பட்ட பெரும்பரிசுக்காக ஆடலாம். ஆடத் துணிந்தவர்கள் தலைக்கு மூன்றாக ஆறு அம்புகள் எறிந்து 101 புள்ளி சேர்த்தல் வேண்டும். தவறினால் பரிசுப் பொருள்கள் யாவும் கைவிட்டுப் போகும். அதன்பின் அவர்கள் பெற்றிருக்கக்கூடிய பெரும்பரிசு இன்னதென்று காட்டப்படும். சிலவேளை அது விசைப்படகாக இருக்கும். கடலுக்கு நெடுந்தொலைவில் வாழ்வோர்க்கு விசைப்படகு எதற்கு என்னும் நகைச்சுவை அந்நாட்டில் இன்றும் வழங்குகின்றது.

நிகழ்ச்சியை நடத்திய ஜிம் போவன் என்பவர் முன்னர் ஆசிரியராகப் பணியாற்றியவர். மெருகேற்றிய மேடைப்பேச்சு அவரிடம் இருக்கவில்லை. தோற்றவர்களையும் அயல்வீட்டார் போலவே நடத்தி, வீடு செல்லப் பேருந்துக் கட்டணமாவது மிஞ்சியதே என்று கூறி வழியனுப்பும் இயல்பு அவரிடம் இருந்தது. அவர் 2018 இல் மறைந்தபொழுது அந்நாட்டு மக்கள் நினைவுகூர்ந்தவை அவருடைய இத்தகைய எளிய சொற்களையே. நிகழ்ச்சி 2006 இல் புதுப்பிக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலும் கிரிக்கெற் வீரர் பிளின்ரொப் நடத்திய சிறப்பு நிகழ்ச்சியாக மீண்டும் ஒளிபரப்பப்பட்டது.

இத்துணைக் காலம் கழிந்தும் அந்நிகழ்ச்சி நினைக்கப்படுவதற்குக் காரணம் பரிசின் பெருமை என்று கூறுதல் பொருந்தாது. அதனினும் பன்மடங்கு பெரிய பரிசுகளை வழங்கிய நிகழ்ச்சிகள் பின்னாளில் பல வந்தன. உண்மைக் காரணம் வேறு. தொலைக்காட்சியில் தோன்றிய பலகை மக்களுக்குப் புதியதன்று. அவர்கள் மாலையிற் கூடும் இடத்துச் சுவரில் அது முன்பே தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, ஒருவர் எறிந்த அம்பு குறிதவறியபொழுது, 'அவ்விடத்தில் நின்றிருந்தால் தவறவிட்டிருக்கமாட்டேன்' என்று எண்ணும் உரிமை பார்த்தவர் ஒவ்வொருவருக்கும் இருந்தது. மக்களின் விளையாட்டை எடுத்து மக்களுக்கே மேடையேற்றிக் காட்டியது அந்நிகழ்ச்சி. பார்த்தவரும் ஆடியவரே என்பதுதான் அதன் மந்திரம்.

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு தமிழர் வாழ்வை நோக்கினால், அதற்கு நிகரான நிகழ்ச்சி எது என்பது எளிதில் விளங்கும். தமிழர் வீட்டுச் சுவரில் அம்புப் பலகை தொங்கவில்லை. அவர்கள் வீட்டில் இருந்தது பாட்டு. அப்பாட்டையே விளையாட்டாக்கி மேடையேற்றியது 'பாட்டுக்குப் பாட்டு' என்னும் நிகழ்ச்சி. இலங்கை வானொலியிலே புகழ்பெற்ற ஒலிபரப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள் இதனை நடத்தினார். பின்னர் அவரே அதனைத் தமிழ்நாட்டின் சன் தொலைக்காட்சிக்குக் கொண்டு சென்றார். ஒருவர் ஒரு பாடலின் தொடக்கத்தைப் பாடுவார். நடத்துநர் ஓர் எழுத்தைக் கொடுப்பார். அவ்வெழுத்தில் தொடங்கும் பாடலை அடுத்தவர் குறித்த நேரத்துக்குள் பாடுதல் வேண்டும். முன்பு பாடியதை மீண்டும் பாடலாகாது. இவ்வளவே விதி. ஏழு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது மூதாட்டிக்கும் இதனை விளக்க ஒரு நிமிடம் போதும்.

இவ்வாட்டத்தின் வேர் மிக ஆழமானது. ஒரு செய்யுளின் அந்தம் அடுத்த செய்யுளின் ஆதியாக வரத் தொடுப்பது அந்தாதி எனப்படும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்திலேயே இவ்வமைப்பு உண்டு. காரைக்கால் அம்மையார் இயற்றிய அற்புதத் திருவந்தாதியும், பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதியும், அபிராமிப் பட்டரின் அபிராமி அந்தாதியும் இவ்வழியில் வந்தவை. நம்மாழ்வாரின் திருவாய்மொழி முழுவதும் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டதே. ஏட்டைக் கையிற் கொள்ளாது மனனஞ் செய்வோர்க்கு இவ்வமைப்பு பேருதவி புரிந்தது. ஒரு பாட்டின் இறுதி, அடுத்த பாட்டின் தொடக்கத்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிடும். வட இந்தியாவிலும் அந்தாக்ஷரி என்னும் பெயரால் இவ்வகை விளையாட்டு வழங்குகின்றது. 1993 முதல் சீ தொலைக்காட்சி அதனை நிகழ்ச்சியாக ஒளிபரப்பிற்று.

எனினும், தமிழில் இவ்வாட்டத்தை ஆடுவோர் ஒரு சிக்கலை எதிர்கொள்வர். தமிழெழுத்துகள் 247 எனினும், சொல்லின் முதலில் வருவன சில; இறுதியில் வருவன சில. ன், ல், ள், ர், ழ், ண் என்னும் மெய்களிலே முடியும் சொற்கள் பல உள. நான், கடல், வந்தாள், அவர், தமிழ், கண் என்பன எடுத்துக்காட்டு. ஆனால், இம்மெய்களின் வரிசையில் எந்தத் தமிழ்ச்சொல்லும் தொடங்குவதில்லை என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. ஆகவே, 'முடிந்த எழுத்திலேயே தொடங்குக' என்னும் விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் ஆட்டம் நாலைந்து பாட்டுகளில் நின்றுவிடும். பழைய அந்தாதிப் புலவர், எழுத்தோடு நில்லாது முழுச்சொல்லையும் அடியையும் எடுத்தாண்டு இச்சிக்கலைக் கடந்தனர். வானொலியில், எழுத்தைத் தெரிந்து கொடுக்கும் பொறுப்பை நடத்துநர் ஏற்றுக்கொண்டமையால் ஆட்டம் தடையின்றி ஓடிற்று.

திரைப்பாடல்கள் மற்றுமொரு சுவையான வழக்கைக் கிளப்பின. 'ராஜா' எனத் தொடங்கும் பாடல் ரகரத்துக்கு உரியதா, இலக்கண நூலார் 'இராசா' என்று எழுதுமாறு கூறுவதால் இகரத்துக்கு உரியதா? இத்தகைய வழக்கு வீட்டுத் திண்ணைகளில் எழுந்தபொழுது, பள்ளியில் வேண்டாவெறுப்பாகக் கற்ற மொழிமுதலெழுத்து விதி உயிர்பெற்று வந்தது. பாடநூல் கற்பிக்க அரும்பாடுபட்ட ஒன்றை விளையாட்டு ஒரு மாலையில் கற்பித்தது.

இனி, இவ்விளையாட்டு இலங்கை வானொலியிலே தழைத்தமைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. கொழும்பில் 1925 டிசெம்பர் 16 இல் ஒலிபரப்புத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படையினருக்காக இத்தீவில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க ஒலிபரப்பு நிலையம், 1949 இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. அதனால் சிறிய நாட்டின் குரல் பெரிய நிலப்பரப்பு முழுவதும் கேட்டது. 1952 இல் இந்திய அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர் அவர்கள் அகில இந்திய வானொலியில் திரையிசைக்கு இடமளிக்க விரும்பவில்லை. திரைப்பாடலை விரும்பிய இந்திய நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957 ஒக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பின்னரும் அப்பழக்கம் முற்றாக நீங்கவில்லை. 1967 சனவரி 5 இல் இலங்கை வானொலி ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகியது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா முதலிய அறிவிப்பாளர்களின் பெயர்கள் பாக்குநீரிணையின் இருகரையிலும் வீட்டுப் பெயர்களாயின. நாள்தோறும் கேட்ட பாடல்கள் நேயர்களின் நெஞ்சில் சேமநிதியாகத் திரண்டிருந்தன. அந்நிதியை எடுத்துச் செலவிட ஒரு வாய்ப்பை அளித்தது பாட்டுக்குப் பாட்டு.

அத்தகைய நிதி குருநகரில் வேறொரு வழியாலும் சேர்ந்திருந்தது. முன்னாளிற் கரையூர் என வழங்கிய இவ்வூர், கடற்றொழிலுக்கும் நாட்டுக்கூத்துக்கும் பெயர்பெற்றது. விடிய விடிய நடைபெறும் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளிலே, பாத்திரங்கள் எதிரெதிர் நின்று பாட்டாலே வாதிடும் பகுதிகள் உண்டு. ஒருவர் பாடி முடிக்குமிடத்தில் மற்றவர் பிடித்துக்கொள்ளல் வேண்டும். தயங்கினால் அவையோர் அறிவர். அண்ணாவியாரிடம் மாதக்கணக்காகப் பயின்று, எழுத்தறியாதாரும் நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சிற் பதித்தனர். பாட்டுக்குப் பாட்டாலே விடையளித்தல் இவ்வூரார்க்கு முன்பே கைவந்த கலை. இங்கிலாந்தின் மதுச்சாலைச் சுவரில் அம்புப் பலகை தொங்கியது போல, குருநகரின் நினைவிலே கூத்துப்பாட்டு தொங்கிற்று.

இன்னுமொன்று. வானொலி, கையைக் கட்டிப்போடாத கருவி. கிழிந்த வலையைப் பொத்துவோர், மீன் தெரிந்து பிரிப்போர், அடுப்படியில் நிற்போர் யாவரும் தத்தம் வேலையை நிறுத்தாமலே அதைக் கேட்கலாம், கேட்டபடியே பாடலாம். நெருங்கி அமைந்த வீடுகளிலே ஒரு வீட்டு வானொலி நான்கு வீட்டுக்குப் போதும். நடத்துநர் ஓர் எழுத்தைச் சொன்னவுடன், கலையகத்தில் இருப்பவர் வாய்திறக்கும் முன்பே அடுத்த வளவிலிருந்து பாட்டு எழும். அவ்வாறு முந்திக்கொண்டவர்க்குப் பரிசு ஏதும் இல்லை. அயலாரின் சிரிப்பே பரிசு. இங்கிலாந்தில் பரிசாகக் காட்டிய படகு இவ்வூரில் வயிற்றுப்பாட்டுக்கான கருவி. ஆதலின் படகைவிடப் பாட்டே இங்கு களிப்புக்குரிய பொருளாயிற்று.

1979 இலும், 1982 இல் ரூபவாஹினி தொடங்கிய பின்னரும், தொலைக்காட்சி இலங்கையிற் பரவியது. 1993 இல் சன் தொலைக்காட்சி தோன்றியபின், பாட்டுக்குப் பாட்டும் படக்காட்சியாயிற்று. இதனால் விளைந்த நன்மை பெரிது. தமிழ்நாட்டு ஊர்களிலும், தமிழர் குடியேறிய பிறநாடுகளிலும் வாழ்ந்த எளிய மக்கள் மேடையேறித் தம் குரலைக் கேட்பித்தனர். தூய உச்சரிப்போடு நிதானமாகப் பேசும் இலங்கைத் தமிழரொருவரின் குரல் பல நாட்டு இல்லங்களிலும் ஒலித்தது. எனினும், கண்ணைக் கேட்கும் கருவி கையையும் கேட்கும். வலையைக் கீழே வைத்துவிட்டுத் திரைமுன் அமர்ந்தவர், பாடுபவர் என்னும் நிலையிலிருந்து சற்றே விலகிப் பார்ப்பவராயினர்.

யாழ்ப்பாணத்திலோ, அந்த ஆண்டுகள் வேறுவகையாகக் கழிந்தன. 1986 ஜூன் 10 ஆந் திகதி மண்டைதீவுக் கடலிலே குருநகர்த் தொழிலாளர் முப்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1990 இல் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட அந்நாள்களில், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோவிலிருந்து பிறந்த மின்னால் வானொலியை இயக்கினர் மக்கள். சுழற்றும் கை ஓய்ந்தால் குரலும் ஓயும். 1993 நவம்பர் 13 இல் குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயம் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று, உயிர்கள் பலியாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே ஊர்விட்டுப் பெயர்ந்தனர். பின்னர் மீண்டவர் சிலர், கடல்கடந்து சென்றவர் பலர், மீளாதவரும் உளர்.

இவ்விடத்திலேதான் குருநகரின் நினைவு இங்கிலாந்தின் நினைவிலிருந்து வேறுபடுகின்றது. அங்கே முதியோர் நினைப்பது கழிந்துபோன இளமையை. இங்கே நினைக்கப்படுவது, எதிர்நின்று பாடிய மனிதரை. பாட்டுக்குப் பாட்டு தனித்து ஆட இயலாத ஆட்டம். ஒருவர் பாடி நிறுத்தினால், ஏற்றுப் பாட இன்னொருவர் வேண்டும். தம்பி ஒருவன் கடலிலே மாண்டிருக்கலாம்; தமக்கை ஒருத்தி பாரிசில் வாழலாம்; அயல்வீடு பூட்டிக் கிடக்கலாம். அந்நிலையில் பழைய நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சு, பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சாக மட்டும் இருக்க முடியாது. எழுத்து கொடுக்கப்பட்டுவிட்டது, ஏற்றுப் பாடும் குரல் இல்லை என்னும் துயரமும் அதனுள் அடங்கும்.

பழமையனைத்தும் பொன் என்று கொள்ளுதலும் தவறு. அந்நிகழ்ச்சியில் ஒலித்தவை பெரும்பாலும் திரைப்பாடல்களே. கூத்துப்பாட்டும், தாலாட்டும், ஏலேலோவென்று படகிலெழும் தொழிற்பாட்டும் அங்கே இடம்பெறுதல் அரிது. திரைப்படம் பார்க்க வசதியோ அனுமதியோ அற்ற பிள்ளைகள் வாய்மூடி இருந்திருப்பர். பாட்டின் முதலடிகள் மட்டும் தெரிந்தாற் போதும் என்னும் பழக்கமும் வளர்ந்தது. இக்குறைகளை மறந்துவிட்டு ஏங்குதல், நினைவைப் போற்றுதலாகாது. அதற்குப் பொய்ப்பூச்சுப் பூசுதலாகும்.

இந்நாளில் ஏக்கத்துக்கு மருந்து எளிதிற் கிடைக்கின்றது போலத் தோன்றும். பழைய பதிவுகள் பல கைப்பேசியில் உள. பாடலொன்றின் ஒரு சொல்லைக் கொடுத்தால் முழுப்பாடலும் நொடியில் வந்து நிற்கின்றது. ஆனால், பதிவைக் கேட்பவர் வெறும் கேட்பவராகவே இருந்துவிடுகின்றார். தேடித்தரும் கருவி கையில் இருக்கையில், நெஞ்சில் ஒன்றைத் தேக்கிவைக்கும் தேவையும் குறைகின்றது. ஒவ்வொரு பிள்ளையும் தன் செவிக்கு மட்டும் கேட்கும் கருவியைப் பூண்டிருக்கும் வீட்டில் ஆயிரம் பாடல் ஒலிக்கலாம். அவற்றுள் ஒன்றேனும் மற்றொன்றுக்கு விடையாவதில்லை.

மருந்து, ஆட்டத்தை மீண்டும் ஆடுதலே. அதற்குக் கலையகமும் பரிசும் வேண்டியதில்லை. கைப்பேசியை ஒருபுறம் வைத்து, மூத்தவரொருவரை நடத்துநராக அமர்த்தினாற் போதும். முதலில் வராத மெய் இறுதியில் வந்தால், அதற்கு முன்னுள்ள எழுத்தைக் கொள்ளலாம். 'கடல்' என்பதில் முடிந்தால் டகரமும் தமிழில் முதலாகாது. எனவே ககரத்துக்குச் செல்லலாம். திரைப்பாடலோடு தேவாரம், திருச்சபைக் கீதம், கூத்துத் தரு, நாட்டார் பாடல் அனைத்தையும் ஏற்றுக்கொள்ளலாம். திரைப்பாடல் அறியாத பாட்டியும், கூத்துப்பாட்டு அறியாத பேரனும் அப்பொழுது ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பர். பள்ளிகளிலே வகுப்பொன்றின் இறுதிப் பத்து நிமிடங்களை இதற்கு ஒதுக்கினால், மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளை வேறாகக் கற்பிக்கவேண்டிய சுமை குறையும்.

பிரிந்து வாழும் சுற்றத்தாரும் இதில் இணையலாம். மாரிகாலத்தில் இலண்டனில் பிற்பகல் ஒரு மணியாகும்பொழுது குருநகரில் மாலை 6.30 மணி. தேடுதற்கு வேண்டாமென ஒதுக்கிய அதே கைப்பேசி, அழைத்துப் பேசுதற்கு உதவட்டும். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழெழுத்து எழுத வராவிடினும், 'மகரத்தில் ஒரு பாட்டு' என்று மாமியார் கேட்கும்பொழுது ஒரு வரியேனும் பாட ஆசை பிறக்கும். அவ்வொரு வரி, கடிதம் எழுதிச் சாதிக்க இயலாத உறவைச் சாதிக்கும்.

மக்களின் விளையாட்டிலிருந்து பிறந்த நிகழ்ச்சி, மக்கள் ஆடும்வரையே உயிரோடிருக்கும். இங்கிலாந்தின் அம்புப் பலகை இன்றும் சுவரில் தொங்குவதாலேயே அதன் நிகழ்ச்சியும் மீண்டும் மீண்டும் பிறக்கின்றது. தமிழரின் பலகை நெஞ்சிலே தொங்குவது. அதனைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னொரு காலத்தில் இங்கே ஒரு பலகை இருந்தது என்று கூறிப் பெருமூச்சு விடுவதால் வரும் பயன் சிறிது. ஓர் எழுத்தைக் கொடுத்து, எதிரிருக்கும் இளங்குரல் அதை ஏற்றுப் பாடும்வரை பொறுமையோடு காத்திருத்தலே மூத்தோர் செய்யத்தக்க பணியாகும்.